ஒரே கண்ணாடியில் இருவர் இரத்தம்

சென்ற வெள்ளிக்கிழமை காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் உள்ளே வந்து, மெஹருன்னிசா காலமாகிவிட்டார் என்றார். கள்ளக்குறிச்சியில் எங்கள் சின்ன மருத்துவமனையில் இருபது வருடங்களுக்கு மேல் லேப் டெக்னீசியனாக இருந்தவர். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். அவர் விஷயத்தில் நான் எப்போதும் இப்படித்தான் நடந்துகொண்டேன்.

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிப்பவர்களில் அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். இரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் வந்த பிறகும், சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் ரிப்போர்ட் தரமாட்டார். நேரமாகிறது என்று நான் கத்துவேன். "மிஷினு எண்ணும் டாக்டர், பாக்காது" என்பார்.

ஒருமுறை கரியாலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அவள் அப்பா அழைத்து வந்தார். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும். ஈறில் அடிக்கடி இரத்தம் கசியும் என்றதால் பரிசோதனைக்கு எழுதினேன். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மெஹருன்னிசா கண்ணாடியோடு என் அறைக்கே வந்துவிட்டார். "தட்டணு எல்லாம் வெளுத்துக் கெடக்குதுங்க. அவரைக்கா தோலு இருக்கு, உள்ள கொட்டையக் காணோம்."

எனக்கு மூக்கின் மேல் கோபம். இத்தனை வருடத்தில் சாயம் ஊற்றக்கூடத் தெரியவில்லையா என்று நோயாளிகள் முன்னால் திட்டினேன். லேப்புக்குப் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பினார். தன் விரலைக் குத்தி, ஒரே கண்ணாடியில் பாதி அந்தப் பெண்ணின் இரத்தம், பாதி தன் இரத்தம் என்று இழுத்து, ஒரே சாயத்தை ஊற்றியிருந்தார். "சாயம் சரிதான், என்னுது தட்டணுல புள்ளி ரொம்பி இருக்கு டாக்டர். நீங்களே பாருங்க."

நான் பார்க்கவில்லை. பல்லைப் பிடுங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பிடுங்கிய இடத்தில் சாயங்காலம் வரை இரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே தட்டணுக்கள் ஏற்றியதால் பிழைத்தாள். அவள் அப்பா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எலும்பு மஜ்ஜையில் ஒரு பெரிய செல்லுக்குள், சாயத்தில் புள்ளிகளாகத் தெரியும் சின்னச் சின்னப் பைகள் உருவாகின்றன. இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை உள்ளே வாங்கி மெல்ல முற்றுகின்றன. அந்தச் செல் தட்டணுக்களாகப் பிரியும்போது ஒவ்வொன்றும் தன் பங்குப் பைகளோடு வெளியே வரும். இந்தப் பெண்ணுக்குப் பைகள் சரியாக உருவாகி முற்றவே இல்லை. அரிதான பிறவிக் குறை. பெரிய மருத்துவமனை சொன்னதை மெஹருன்னிசா முன்பே அவரைக்காயை வைத்துச் சொல்லிவிட்டார்.

நான் லேப்புக்குப் போய், "நீங்க சொன்ன மாதிரிதானாம்" என்றேன். வாசற்படியைத் தாண்டி உள்ளே கூடப் போகவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் பாஷா பாய், பாத்திரக்கடை வைத்திருப்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டு உறவினர்களிடம் சொன்னார். "இவருதாங்க அந்த டாக்டரு. எல்லார் முன்னாடியும் எங்க வூட்டுக்காரம்மாகிட்ட மன்னிப்பு கேட்டவரு."

நான் திட்டியதைக் கேள்விப்பட்டு, வேலையை விட்டுவிடச் சொன்னாராம் பாஷா பாய். சில நாள் கழித்து மெஹருன்னிசா, டாக்டரே மன்னிப்பு கேட்டுவிட்டார், இனி என்ன என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினாராம். உறவினர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். அப்போதும் உண்மையைச் சொல்லாமல், அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு நின்றேன்.

நான் கேட்காத மன்னிப்பை என் பெயரில் மெஹருன்னிசாவே கேட்டுவைத்து, அதைக் கொண்டு தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். அவர் விட்டுச்சென்றதில் என்னிடம் இருப்பது அதுதான். அது பொய் என்று பாஷா பாய் இதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நானே சொல்ல, நாளைக் காலை அவர் கடைக்குப் போகிறேன்.