வாங்கன்னு கூப்பிடாத மருமகள்

மற்ற வேலைகளில் வாய் இருந்தால்தான் பிழைப்பு. எங்கள் வேலையில் வாயை மூடினால்தான் பிழைப்பு.

கோயமுத்தூரில் ஒரு கவுன்சலிங் சென்டரில் கதவு திறந்து, தண்ணீர் கொடுத்து, டோக்கன் நம்பர் கூப்பிடுவது என் வேலை. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களே, இது உங்களுக்காக. ஆளையும் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சென்டரை நடத்துகிற கவுன்சலர் மேடமும் படித்துப் பார்த்துவிட்டார்.

வேலை கிடைத்த விதம்

நான் எட்டாவது வரைதான் படித்தவள். புது ஆள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. என்னோடு வேலை கேட்டு வந்த அக்கா நன்றாகப் பேசினார். பழைய ஆபீஸில் யார் யாரோடு சண்டை என்பதுவரை ஐந்தே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அவரை அனுப்பிவிட்டு மேடம் என்னிடம் சொன்னார்: இங்கே யார் வருகிறார்கள் என்பதே ரகசியம். வெளியில் பார்த்தாலும் அவர்களாகப் பேசினால்தான் நாம் பேச வேண்டும். மீறினால் வேலை போய்விடும். நான் என் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

"இந்தத் தலையாட்டல் போதும் கண்ணு. நாளைக்கே வந்திரு."

தேங்காய் மூட்டை

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் ஒரு மூட்டைத் தேங்காயோடு வந்தார். அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பது மேடத்தின் சட்டம். அதைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியது நான். மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க, ஊட்டுக் கஷ்டத்தையெல்லாம் இங்க எறக்கி வெக்கலாம், நாலு தேங்காய எறக்கி வெக்கக் கூடாதுங்களா?"

தாலி கட்டியவர்

தன் மனைவி உள்ளே என்ன பேசினாள் என்று தெரிந்துகொள்ள ஒருவர் வந்தார். "தாலி கட்டினவனுங்க நான்!" என்று சத்தம் போட்டார். அவங்க சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது என்று மேடம் முடித்துவிட்டார். வெளியே வந்து என்னிடம் குரலைத் தாழ்த்தி, "என்னைப் பத்தி நல்லதா ஏதாச்சும் சொன்னாளான்னு மட்டும் சொல்லுங்க அம்மணி" என்றார். உள்ளே பேசுவது எனக்கு எங்கே கேட்கும்? தரையைப் பார்த்தேன்.

"நல்லதாச் சொல்லியிருந்தா நீங்க ஏனுங்க தரையைப் பாக்கறீங்க?"

பெண் பார்க்க வந்தார்கள்

என் நாத்தனாருக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக "வாங்க" என்று கூப்பிட வேண்டும். ஒருவரை விட்டாலும் குற்றம். வாசலில் நின்று மாப்பிள்ளையின் மாமாவைக் கூப்பிட்டேன், சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அடுத்து மாப்பிள்ளையின் அம்மா. பார்த்தால், எங்கள் சென்டருக்குச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருகிறவர்!

இப்போது யோசித்தால், வெறும் "வாங்க"வில் எந்த ரகசியமும் போயிருக்காது. அப்போது மேடத்தின் குரல் மட்டும்தான் காதில் கேட்டது. அவர்களாகப் பேச வேண்டுமே! தரையைப் பார்த்தேன்.

"ஏனுங்க, எங்கக்காவ மட்டும் உங்க மருமக வாங்கன்னு கூப்பிடலீங்களே?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. சித்தப்பா செருப்பை மறுபடி மாட்டத் தொடங்கினார். என் மாமியார் பின்னாலிருந்து கிள்ளினார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்தார். முதலில் முகம் வெளுத்தது. பிறகு சிரித்துவிட்டார். "புள்ள கூச்சப்படுது. நல்லாருக்கியா அம்மணி?" என்றார். அவ்வளவுதான், "வாங்க, வாங்க, வாங்க" என்று கொட்டினேன். சமையலறையில் மாமியார் பல்லைக் கடித்தார்:

"அந்தம்மா பெரிய மனசு காப்பாத்துச்சு. உன்ற வாயை நம்பினா எம்மவ கல்யாணம் நடந்தாப்பலதான்!"

செவ்வாய்க்கிழமை

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மாவே மேடத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தன்னிடம் வேலை பார்க்கிறவளுக்குச் சொந்தமாகப் போகிறவரைத் தான் பார்ப்பது முறையில்லை என்று, மேடம் வேறொரு கவுன்சலருக்குக் கடிதம் கொடுத்தார். அந்தம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"வாசல்லயே முடிவு பண்ணிப்போட்டேன் கண்ணு, பொண்ணு உங்க ஊட்லதான். நீ இதை எழுதினாலும் எழுதிக்க, என் சேலைக் கலரை மட்டும் மாத்திப்போடு. நீ ஏன் கூப்பிடலைன்னு உங்கத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன்."

சொல்லியும் விட்டார், இப்போது என் மாமியாரும் என்னைப் பற்றிப் பேசத்தான் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் புதுக் கவுன்சலரிடமே போய்வருகிறார், நல்லதாக ஏதாச்சும் சொன்னாரா என்று கேட்கத்தான் எனக்கு வழியில்லை.