அப்பாவின் மத்தியான நித்திரை

எங்கள் அம்மா யாருக்கும் தண்ணீர் இல்லையென்று சொல்லி நான் பார்த்ததில்லை. ஸ்கந்தபுரத்தில் எங்கள் வாசல் படலையைக் கடந்து போகிற மீன்காரர் தொடங்கி மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் வரை, செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் என்ன ஏது என்று விசாரிப்பார்.

அப்படிப்பட்டவர் அப்பாவுக்கு மட்டும் அளந்துதான் கொடுப்பார். அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலில் இறங்கி வீங்கவைக்கும், நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். காலையில் அம்மா ஒரு சின்னச் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி வைப்பார். மாத்திரை போட, தேநீர் ஊற்ற, தொண்டை நனைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். முடிந்துவிட்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவார். என்னையும் அவர் கண்ணில் படாமல் கிணற்றடிக்குப் போய்த்தான் குடிக்கச் சொல்வார். வீட்டுக்கு முன்னால் வாய்க்காலில் வயலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா கதிரையில் உட்கார்ந்து அதையே பார்ப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் மேல் கோபம் கோபமாக வரும்.

ஒருநாள் அப்பாவின் தமையன், என் பெரியப்பா, பூவரசங்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போவது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. ஒரு குலை செவ்விளநீர் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தன் கையாலேயே ஒன்றை வெட்டி நீட்டினார்.

"குடி தம்பி. உடம்புச் சூடெல்லாம் இறங்கும்."

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். வேண்டாமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தாரா, குடிக்கத் திறந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சவர்க்கார நுரையோடு ஓடிவந்த அம்மா அப்பாவின் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். இளநீர் பெரியப்பாவின் வேட்டியை நனைத்துக்கொண்டு முற்றத்தில் உருண்டது.

"அது அவருக்கு நஞ்சு, அத்தான்! குடிச்சால் அதிலை இருக்கிற பொட்டாசியம் ஏறி இதயம் நிண்டுபோம் எண்டு டொக்டர் சொன்னவர்!"

பெரியப்பாவின் முன்னால் இருந்துகூடக் கதைக்காத அம்மாவா இது? எனக்குக் காய்ச்சல் வந்தால் இதே அம்மா பருக்குகிற இளநீரா நஞ்சு? பெரியப்பாவும் நம்பவில்லை.

"இளநீர் குடிச்சு ஆரும் செத்தவையோ? என்ர தம்பிக்கு ஒரு வாய் குடுக்க மனமில்லை எண்டு சொல்லும்."

தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மிச்சக் குலை படலையடியில் கிடந்தது.

அன்று மத்தியானம் அப்பா வழக்கம்போலக் கண்ணை மூடிப் படுத்தார். அம்மாவுக்கு முகம் கொடுக்கப் பிடிக்காமல் நான் வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே, குசினிச் சுவருக்கும் விறகுக் குவியலுக்கும் நடுவில் குந்தியிருந்து, செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் அம்மா. மடக் மடக்கென்று, காலையிலிருந்து நா நனைக்காதவர்போல. அப்பாவுக்கு இல்லாத தண்ணீரை இவர் ஒளித்துக் குடிக்கிறார்!

ஓடிப்போய் அப்பாவின் காதுக்குள் சொன்னேன்.

"அப்பா, அம்மா களவாத் தண்ணி குடிக்கிறா!"

அப்பா திடுக்கிடவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"குடிச்சு முடிச்சிட்டாவோ?"

"இன்னும் இல்லை."

"சத்தம் போடாதை. அவா வடிவாக் குடிக்கட்டும்."

அப்பா காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அப்படியே கிடந்தார். குசினியில் செம்பு கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. உடனே அப்பா பெரிதாகக் கொட்டாவி விட்டு, அப்போதுதான் எழும்புகிறவர்போலச் செருமினார். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு ஈரத்துணியோடு வந்தார்.

"நல்ல நித்திரையோ?"

"ஓம், அடிச்சுப்போட்ட மாதிரி."

அம்மா அவருடைய உதட்டை மெல்லத் துடைத்துவிட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அப்பா அம்மாவுக்குப் பயந்து பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு மத்தியானமும் அவர் கண்ணை மூடிக்கொண்டது நித்திரைக்காக இல்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு வயது போதவில்லை.