நான்கு நாள் விக்கல்

இலங்கையில், கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுப்பவனாக இருந்தேன். பதுளையிலிருந்து டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் நானே டாக்டர் என்ற நினைப்பு எனக்கு. அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தது ஒரு விக்கல்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆள் ஒருவரை அவருடைய மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தார். நாலு நாளாக விக்கல், சோறு இறங்கவில்லை. "தூங்குறப்பவும் விக்குதுங்கய்யா," என்றார் அந்த அம்மாள்.

தூக்கத்திலும் நிற்காத விக்கலென்றால் உடம்புக்குள் ஏதோ கோளாறு என்று படித்திருந்தேன். வயிற்றை அமுக்கினேன், வலியில்லை. சிறுநீர் சரியாகப் போகிறதாம். நாக்கும் சுத்தம். சர்க்கரை கொடுத்தேன், மூச்சை அடக்கச் சொன்னேன், மேல்வயிற்றில் கடுகுப் பற்றுப் போட்டேன். விக்கல் என்னைச் சட்டை செய்யவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அவரோ கலங்கவில்லை. யார் நினைக்கிறார்கள் என்று லயத்து வீட்டில் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார்களாம். கடல் தாண்டி இந்தியாவிலிருக்கும் தாயின் பெயரைச் சொன்னபோது விக்கல் கொஞ்சம் அடங்கியதாம்.

"எங்காத்தாதான் நெனைக்குதுங்க. கடுதாசி வந்து ரெண்டு வருசமாச்சு. உசுரோட இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

பேசப் பேச வலது காதைக் குடைந்துகொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டியதிலிருந்து குறுகுறுப்பாம். காதுக்கும் விக்கலுக்கும் என்ன உறவு? ஒன்றும் பிடிபடவில்லை. வேறு வழி தெரியாமல் வெதுவெதுப்பான தண்ணீரைக் காதுக்குள் பீச்சினேன். கிண்ணத்தில் அழுக்கோடு ஒரு முடி வந்து விழுந்தது.

விக்கல் நின்றது. காத்திருந்து பார்த்தோம், வரவில்லை. எப்படி நின்றது என்று எனக்கே புரியாவிட்டாலும் பூரித்துப்போய் அந்த முடியைப் பஞ்சில் எடுத்துக் காட்டினேன்.

"இதாம்ப்பா ஒன்ன விக்க வச்சது!"

அவர் அதைப் பார்க்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"நின்னுருச்சே. அப்ப ஆத்தா போயிருச்சுங்களா?"

காது, நரம்பு என்று ஏதேதோ உளறினேன். உன் தாய் நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை, எனக்கென்ன தெரியும்? குணப்படுத்தியவனுக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

அவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"அந்த முடியத் திரும்ப உள்ள போட்டுருங்கய்யா."