சந்தனம் அடைத்த டார்ச்

ஆயுத பூஜை அன்று மாலை ஐந்தே முக்கால் மணிக்கு என் தம்பி ஒரு பொட்டுக்கடலையை மூக்கில் போட்டுக்கொண்டான். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போனால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்வார், பின்னால் புகார் எழுதும்போது வேண்டியிருக்கும் என்று. ஒரு முறைகூடப் புகார் எழுதியதில்லை. அன்றும் கரண்ட் போனது, அப்பா "அஞ்சே முக்கால்" என்றார், மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அந்த அமைதியில் தம்பி என் பாவாடையை இழுத்து, ஏதோ பரிசு வாங்கியவன்போலச் சொன்னான்: "அக்கா, மூக்குல கடலை."

போன வாரம் என் மகள் ஒரு பாசிமணியை இதேபோல மூக்கில் போட்டுக்கொண்டாள். நான் போட்ட சத்தத்தில் அடுக்குமாடியே கூடிவிட்டது. அவள் பயந்து ஏங்கி ஏங்கி அழுதாள். பெருங்களத்தூரிலேயே ஆஸ்பத்திரி, கீழே கார், உடனே போய்விட்டோம். டாக்டர் ஒரு வளைந்த கம்பியால் மணியை எடுத்துத் தட்டில் போட்டார். பிள்ளைகள் அழும்போது மூச்சை உள்ளே இழுப்பார்கள், அந்த இழுப்பில் பொருள் மேலே போய்விடும், சில சமயம் மூச்சுக்குழாய்க்கே போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். மகள் மறுநாளே பள்ளியில் அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அவள் தும்மினால்கூட எழுந்து போய்ப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்த ஆயுத பூஜை நினைவுக்கு வருகிறது.

அப்போதும் நாங்கள் பெருங்களத்தூரில்தான் இருந்தோம். பெரிய ரோடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் தெரு இந்தப் பக்கம். கேட் மூடினால் ஊர் இரண்டாகிவிடும். அம்மா மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். பண்டிகை நாளில் மற்றவர்கள் லீவு எடுத்துவிடுவதால் அம்மாவுக்கு எப்போதும் டியூட்டி விழும். அப்பா கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எதற்குப் பயப்படலாமோ அதற்கெல்லாம் பயப்படுவார். வேலைக்குக் கிளம்பினால் ரயில்வே கேட் வரை போய்விட்டு, கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். எங்களுக்குச் சளி பிடித்தால் அவருக்குக் காய்ச்சல் வரும்.

அவர் பயமில்லாமல் செய்கிற ஒரே காரியம் ஆயுத பூஜை. சைக்கிள், தையல் மெஷின், மிக்சி, அரிவாள்மனை, ஸ்க்ரூ டிரைவர், என் ஜியாமெட்ரி பாக்ஸ் என்று வீட்டில் கூர்மையும் சக்கரமும் உள்ள எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்த வருடம் அம்மாவின் டார்ச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த டார்ச் அது. விரல் அளவுதான் இருக்கும், கறுப்பு உலோகம், பட்டன் கிடையாது. தலையைத் திருகினால் எரியும், திருப்பித் திருகினால் அணையும். அம்மா அதை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பாள், நோயாளிகளின் தொண்டையையும் கண்ணையும் பார்ப்பதற்கு.

"டியூட்டிக்கு வேணும்" என்றாள் அம்மா.

"அதுதானே உன்னோட ஆயுதம்? ஒரு நாள் பூஜையில இருக்கட்டும்."

அப்பா சந்தனத்தைக் குழைத்தால் தாராளமாகக் குழைப்பார். டார்ச்சுக்கு நெற்றி எது என்று தெரியாமல் சுற்றிலும் பூசிவிட்டார். தலையும் உடம்பும் சேருகிற இடுக்கில் சந்தனம் இறங்கி, மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

இதெல்லாம் முடிந்து பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மழையும், கரண்ட் போனதும், தம்பியின் அறிவிப்பும்.

"எந்தப் பக்கம்?" என்றார் அப்பா. தம்பிக்கு அது மறந்துவிட்டது. முதலில் இடது பக்கத்தைக் காட்டினான், பிறகு வலது பக்கத்தை. எங்களோடு இருந்த அத்தை ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார், முடி பற்றிக்கொள்ளும் என்று. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, கடலை ஊறுமே, ஊதிக்குமே!" என்று தொடங்கினாள். தம்பியின் கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

அப்பா எழுந்தார். நேரே பூஜைத் தட்டுக்குப் போய் டார்ச்சை எடுத்தார்.

"அண்ணா! பூஜையில வெச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்னு நீதானே சொன்ன!" என்றாள் அத்தை.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. டார்ச்சைத் திருகினார். மணலில் அரைபடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. இன்னும் அழுத்தித் திருகினார். ஒரு கணம் பளிச்சென்று எரிந்தது, அணைந்தது. அந்த ஒரு கணத்தில் தம்பியின் வலது மூக்கில், மேலே, வெளிறிய ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். அப்பா மறுபடி திருகினார். பிறகு டார்ச் எரியவே இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணா தலையில் துண்டோடு ஓடி வந்தார். பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை செய்தவர், எங்கள் தெருவில் எல்லா அவசரத்துக்கும் அவர்தான்.

"இன்னா சார், இன்னாச்சு?" என்று கேட்டவர், விஷயம் தெரிந்ததும் தம்பியைப் பார்த்து, "மூக்கு இன்னா உண்டியலாடா, கடலைய போட்டு வெச்சிகினு கீற?" என்றார்.

தம்பி சிரித்தான்.

"டாக்டர்கிட்ட தூக்கினு போலாம் சார்" என்றார் அண்ணா.

"கேட்?"

"மூடிக்கீது. கூட்ஸ் வண்டி நிக்குது. ரோட்ல வேற ஊருக்குப் போற கூட்டம், பஸ்ஸு நவுரல."

அப்பா வெளியே பார்த்தார். தெரு முழுக்கச் சேற்றுத் தண்ணீர். "வேணாம். நனைஞ்சு குலுங்கி இவன் வர வேணாம். நீங்க எப்பிடியாவது நர்சிங் ஹோமுக்குப் போயி அவளைக் கூட்டிட்டு வந்துடுங்க. என்ன ஏதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

"சைக்கிளத் தூக்கிகினு கேட்டாண்ட பூந்து போய்ட்றேன் சார். அக்காவ இட்டாந்துட்டுத்தான் மறுவேல" என்று சொல்லிக்கொண்டே அவர் மழையில் இறங்கிவிட்டார்.

அதன் பிறகு அப்பா செய்ததுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. சிலிண்டருக்காகத் திரும்பி ஓடி வருகிறவர் கூச்சல் போடுவார், அழுவார், சாமி படத்தின் முன் விழுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவரோ குத்துவிளக்கின் பக்கத்தில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பியைத் தன் எதிரில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அம்மா டார்ச் கெட்டுப்போச்சுடா. அம்மா வர்றதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் ரிப்பேர் பண்ணிடலாமா?"

தம்பிக்கு அந்த டார்ச்சைத் தொடுவதற்கே அதுவரை அனுமதி கிடையாது. மூக்கை மறந்து தலையை ஆட்டினான்.

அப்பா தலையை முழுக்கக் கழற்றினார். தலை திருகி உட்காரும் மரையின் பள்ளங்களில் சந்தனம் காய்ந்து மஞ்சளாக அடைத்திருந்தது. அதற்கும் அடியில் அம்மாவின் இடுப்பிலிருந்து சேர்ந்த நூலும் அழுக்கும் இருந்தன. மரைக்குக் கீழே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதை ஊசியால் நெம்பினால் கீறிவிடும் என்று தீக்குச்சியின் முனையால் மெதுவாக எடுத்து, தம்பியின் சுண்டு விரலில் மாட்டினார்.

"மோதிரம். தொலைச்சிடாதே."

பழைய பல்துலக்கும் பிரஷை ஈரத்தில் நனைத்து மரையைத் தேய்த்தார். உள்பக்கத்தில் பிரஷ் போகாத இடத்துக்கு வேட்டித் துணியைத் திரித்து நுழைத்தார். பிறகு தையல் நூலை மரையின் பள்ளத்தில் சுற்றி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார், நூல் மஞ்சளாக வந்தது. டார்ச் குழாயின் விளிம்பை என் அழிரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினார், அந்த விளிம்பில் பட்டால்தான் விளக்கு எரியும் என்று சொல்லிக்கொண்டே. ஒவ்வொரு முறை துடைத்த பிறகும் அதைத் தம்பியின் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"ஈரமா இருக்கு. ஊது. வாயால. பெருசா வாயத் தொறந்து மூச்சு வாங்கு, ஊது. வாயாலதான், தெரியுதா? மூக்கால ஊதுனா டார்ச்சுக்குச் சளி பிடிச்சிடும்."

தம்பி கொல்லன் துருத்திபோல வாயைத் திறந்து மூச்சு வாங்கினான், ஊதினான்.

அத்தை தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா வேண்டாம் என்றார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும், ஆஸ்பத்திரி ரப்பர் குழாய்க்கெல்லாம் எண்ணெய் ஆகாது என்று அம்மா சொல்வாளாம். அலமாரியிலிருந்து கிளிசரின் பாட்டிலை எடுத்து வரச் சொன்னார், பனிக்கு நாங்கள் உதட்டில் தடவுவது. தீக்குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்து வளையத்திலும் மரையிலும் தொட்டும் தொடாமலும் தடவினார். வளையத்தைத் தம்பியின் விரலிலிருந்து கழற்றி டார்ச்சில் போட்டு, தலையைத் திருகினார்.

சத்தமே இல்லாமல் திரும்பியது. விளக்கு எரிந்தது.

"சரியாயிடுச்சு!" என்று கத்தினேன். "அப்பா, மூக்குல அடிச்சுப் பாருங்க!"

அப்பா டார்ச்சை அணைத்தார். காதருகே வைத்துத் திருகிக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். "இல்ல, இன்னும் கரகரன்னுது" என்று சொல்லி மறுபடியும் கழற்றினார். வளையம் மறுபடி தம்பியின் விரலுக்குப் போனது.

நான் கேட்டேன்: "எங்கப்பா கரகரன்னுது? குடுங்க, நான் பாக்கறேன்."

"உனக்குக் கேக்காது."

அதே பிரஷ், அதே துணி, அதே நூல். இப்போது நூல் வெள்ளையாகவே வந்தது. அதையும் தம்பியின் முகத்தின் முன் நீட்டி, ஊது என்றார். மாட்டினார், எரிந்தது. அணைத்தார், கழற்றினார். எத்தனை முறை என்று தெரியவில்லை. தம்பியின் மூக்கில் கடலை ஊறிக்கொண்டிருக்கிறது, என் அப்பா நன்றாக எரிகிற ஒரு டார்ச்சை ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார். பயத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு செய்தேன். கடைசி முறைகளில் தலையை மரையில் ஒரே தடவையில் அவரால் பொருத்த முடியவில்லை. வேலை செய்த களைப்பு என்று நினைத்தேன். ஆனால் குரல் மட்டும் மாறவில்லை. "ஊதுடா கண்ணா. இன்னும் கொஞ்சம். வாயால." அத்தை ஒரு முறை விசும்பியபோது, அவளைத் திரும்பிப் பார்க்காமலே, "நீ போயி டீ போடு" என்றார் அதே குரலில்.

மழை சற்று விட்டிருந்தபோது வாசலில் சைக்கிள் சாய்கிற சத்தம் கேட்டது. அம்மா வெள்ளைப் புடவை முழங்கால் வரை சேறாக உள்ளே வந்தாள். பின்னாலேயே அண்ணா. அப்பா டார்ச்சை நீட்டினார். அம்மா இரண்டே விரலால் திருகினாள், அது வழுக்கிக்கொண்டு எரிந்தது. தம்பியின் முகவாயை நிமிர்த்திப் பார்த்தாள். டார்ச்சை அணைத்தாள்.

"அம்மாக்கு ஒரு முத்தம் குடு. வாயப் பெருசாத் தொற."

அவன் மூக்கின் இடது பக்கத்தை விரலால் அடைத்து, வாயோடு வாய் வைத்து, ஒரு வேகத்தில் ஊதினாள். கடலை ஊறிப் பருத்துச் சளியோடு வெளியே வந்து அவள் கன்னத்தில் ஒட்டியது.

"சிக்ஸரு அக்கா!" என்று அண்ணா கை தட்டினார். அத்தை அடக்கிவைத்திருந்த அழுகையை எல்லாம் ஒரே மூச்சில் அழுதாள். தம்பியும் அப்போதுதான் அழுதான், டார்ச்சை அம்மா திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள் என்று.

அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "இவ்ளோ நேரம் இவன் அழவே இல்லையா?"

அப்பா வாயெடுப்பதற்குள் நான் சொன்னேன். அவ்வளவு நேரமும் அம்மா வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

"எப்பிடிம்மா அழுவான்? அப்பா அவனை வெச்சிக்கிட்டு டார்ச்சைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டே இருந்தாரு. அது எப்பவோ சரியாயிடுச்சு. போதும் போதும்னு சொல்லிட்டே இருந்தேன், நான் சொன்னதைக் கேக்கவே இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், எங்கள் முன்னால் ஒருபோதும் செய்யாத விதமாக, அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை, நீ சொன்னதை அவர் கேக்கல" என்றாள்.

அதற்காக அன்று ராத்திரி முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.