என் வாக்குமூலத்தின் பிரதி

விபத்து நடந்து நாலு மாதத்தில் நீதிமன்ற அழைப்பாணை வந்தது. கவனயீனமாக மோட்டார் சைக்கிள் ஓட்டி என் மனைவியின் மரணத்துக்குக் காரணமானேன் என்று அதில் இருந்தது. வாசிக்க வாசிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எங்களை மோதிய லொறிக்காரனைக் காப்பாற்றப் பொலிஸ் என் தலையில் கட்டுகிறது என்று நினைத்தேன்.

விபத்து எனக்கு ஞாபகம் இல்லை. குச்சவெளியில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு நானும் அவளும் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் இறங்கி அவள் வெள்ளரிப்பழம் வாங்கியது வரை நினைவிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில். இடையில் எட்டு நாள் போயிருந்தது. அவளுடைய செத்தவீடும் முடிந்திருந்தது.

"மாடு ஒண்டு குறுக்கால வந்திட்டுது அத்தான், விலத்தப் போய் லொறியில அடிபட்டிட்டுது" என்று அவளுடைய தம்பி கட்டிலருகில் இருந்து சொன்னான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானும் அதையே சொன்னேன். ஆறு வயது மகளுக்கும் அதைத்தான் சொன்னேன்.

"பொலிஸ் என்ன எழுதியிருக்கெண்டு பாக்காம நான் ஒண்டும் சொல்ல ஏலாது. பிரதியை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார் சட்டத்தரணி.

பொலிஸ் நிலையத்துக்கு முதல் நாள் போனபோது போக்குவரத்துப் பிரிவுப் பொறுப்பாளர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் விண்ணப்பத்தை எடுக்கமாட்டோம் என்றார்கள். இலக்கத்தைத் தேடிக்கொண்டு மூன்றாம் முறை போனேன். தமிழ் பேசும் கான்ஸ்டபிள் ஒருவர் பிரதிகளில் ஒவ்வொன்றாக முத்திரை குத்தித் தந்தார்.

"அழைப்பாணையில மாட்டைப் பற்றி ஏன் எழுதேல்ல?" என்று கேட்டேன்.

"எந்த மாடு?"

"குறுக்கால வந்த மாடு."

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். "ஐயா, ஆஸ்பத்திரியில உங்கட வாக்குமூலத்தை எழுதினது நான்தான். நீங்கள் மாடு எண்டு ஒண்டும் சொல்லேல்ல. கடைசிப் பக்கத்தை வாசிச்சுப் பாருங்கோ."

மற்றப் பக்கங்கள் எல்லாம் சிங்களம். கடைசிப் பக்கம் மட்டும் தமிழ்.

'எனக்கு முன்னால் பஸ் ஒன்று போனது. முந்த வேண்டாம், பொறுங்கள் என்று மனைவி தோளில் தட்டினார். நான் முந்தினேன். எதிரே லொறி வந்தது.'

கீழே என் கையெழுத்து. கோணலாக இருந்தாலும் என்னுடையதுதான். பக்கத்தில் இருந்த திகதி எனக்கு நினைவில்லாத அந்த எட்டு நாளில் ஒன்று.

அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். பக்கத்தில் இருக்க வந்த ஒருவர் தள்ளி இருக்கச் சொன்னார். தள்ளி இருந்தேன். அவள் தோளில் தட்டியதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பொறுங்கள் என்றதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது. காகிதத்தில் மட்டும் இருந்தது.

"இதைச் சொன்னநேரம் ஆர் பக்கத்தில நிண்டது?" என்று கான்ஸ்டபிளைக் கேட்டேன்.

"உங்கட மச்சான், மனுசியின்ர தம்பி. அழுதுகொண்டு நிண்டவர்."

அங்கிருந்து நேரே மனைவியின் ஊரான சல்லிக்குப் போனேன். மச்சான் கரையில் வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தான். பிரதியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"மாடு வரேல்லத்தானே?"

"இல்லை அத்தான்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"முதல் அம்மாவுக்குத்தான் சொன்னனான். உள்ளதைச் சொன்னா அவ உங்கட முகத்தில முழிக்கமாட்டா. பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் வேணும். பிறகு நீங்கள் நினைவு தெளிஞ்சு கேக்க, அதையே உங்களுக்கும் சொல்லிப்போட்டன்."

"உனக்கு என்னில கோவம் இல்லையோ?"

"இருக்கு" என்றான். அவன் கை வலையை விடவில்லை. "உங்களைப் பாக்காம இருப்பமெண்டும் நினைச்சனான். ஏலாமப் போச்சு."

சட்டத்தரணி வாசித்துவிட்டு, தலையில் அடிபட்டுக் கிடந்தவரின் வாக்குமூலம் என்று எதிர்க்கலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

வழக்குக்கு முதல் நாள் மனைவியின் அம்மாவான மாமியிடம் போய் நானே சொன்னேன். மச்சான் வாசலில் நின்றான். மாமி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் சொல்லி முடிக்கும்வரை கத்தியை வைக்கவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "பொறுங்கோ எண்டு சொன்னவளோ?" என்று மட்டும் கேட்டா.

"ஓம் மாமி."

அவ எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சிறைத்தண்டனையை ஒத்திவைத்து, லைசென்சை நிறுத்தினார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைச் சல்லிக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். மாமி என் முகத்தைப் பார்ப்பதில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு, "கொப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்லுவா. அவள் வந்து சொல்லுவாள். நான் போய் இருந்து சாப்பிடுவேன்.