கன்னத்தில் வைத்துப் பார்த்த கல்

பிள்ளைகளே, நூம்பலில் கட்டும் நம் புது வீட்டுக்குத் தரைக்கல் பார்க்க நானும் உங்கள் அம்மாவும் வானகரத்தில் ஒரு கல் கடைக்குப் போனோம். அம்மா பளபளப்பான டைல்ஸ் பக்கம் நின்றாள். நான் ஒவ்வொரு துண்டையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

"இன்னா அண்ணாத்தே, கல்லுக்கு முத்தம் குடுத்துகினு கீற?" என்று கடைக்காரர் சிரித்தார்.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது கொரட்டூர் வாடகை வீட்டில், கோடை மதியம் கரண்ட் போனால் நாம் நால்வரும் வெறுந்தரையில்தான் படுப்போம். சில்லென்ற இடத்துக்கு நீங்கள் இருவரும் அடித்துக்கொள்வீர்கள். அந்தச் சில்லிப்பு, ராஜஸ்தானிலிருந்து வரும் பளபளப்பில்லாத கோட்டா கல்லில்தான் இருந்தது.

"பசங்க வேலைக்கு வெளியூர் பூட்டாங்கோ. ரூம்ல ஏசி வேற கீது. யாரு வந்து கீழ படுக்கப் போறாங்கோ?" என்றாள் அம்மா. கேட்டுவிட்டு அவளும் அதில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு வேறு கல் பார்க்கவில்லை.

பதித்து முடித்தாயிற்று. லீவுக்கு வரும்போது ஒரு மதியமாவது எங்களோடு ஹாலில் படுங்கள்.