இன்குபேட்டரில் புது கார் வாசனை

இது நடந்தது போன செவ்வாய்க்கிழமை. இன்னும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கை மகள் ஷீபாவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே பிரசவம். தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆண் குழந்தை. ஒன்றரை கிலோகூட இல்லை. இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள்.

பார்க்க இரண்டு நிமிடம் அனுமதி. முழங்கை வரை சோப்பு, கவுன், தொப்பி, மாஸ்க்... கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை அலங்காரம் கிடையாது. வீல்சேரில் ஷீபா, பின்னால் நான்.

"மெஷின் புதுசு சார். நேத்துதான் பிரிச்சோம். உங்க பேரன்தான் ஃபர்ஸ்ட்!" என்றார் நர்ஸ், பெருமையாக.

டயபர் மாற்ற அவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். வெதுவெதுப்பாக ஒரு காற்று. மாஸ்க்கையும் தாண்டி வந்த அந்த வாசனை எனக்கு ரொம்பப் பழக்கம். என் கார்! வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, சீட்டின் பாலிதீனை நான் இன்னும் எடுக்கவில்லை. பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அட, புது கார் வாசனை!" என்றேன். ஜோக்காம்.

ஷீபா சிரிக்கவில்லை. அவள் கெமிஸ்ட்ரி டீச்சர்.

"மாமா, வாசனை வருதுன்னா காத்துல ஏதோ கலக்குதுன்னு அர்த்தம்."

குழந்தை காலை உதைத்தது. சரசரவென்று ஒரு சத்தம். துணி எங்கேயாவது சரசரக்குமா?

"சிஸ்டர், அந்தத் துணியோட ஓரத்தைத் தூக்குங்க" என்றாள் ஷீபா.

தூக்கினார். மெத்தை மேல் கம்பெனியிலிருந்து வந்த பாலிதீன் உறை — அப்படியே! அதன் மேல் துணி, துணி மேல் குழந்தை. பெட்டி முழுக்க ஹீட்டர் சூடு.

"புதுசும்மா... அழுக்காயிடும்னுதான் கழட்டலை."

"என் புள்ளைய வெளில எடுங்க!" என்று ஷீபா போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடி வந்தார். குழந்தையைப் பக்கத்திலிருந்த பழைய இன்குபேட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் பேசினார்.

"உறையை எடுத்துட்டு, காலியா சூடு பண்ணி ஓட விட்டு, வாசனை போனப்புறம்தான் குழந்தையை வைக்கணும் சிஸ்டர். சூட்டுல பிளாஸ்டிக்லேர்ந்து கெமிக்கல் வெளில வரும். நமக்குப் பிடிக்கலைன்னா எழுந்து போயிடுவோம். அவன் எங்க போவான்?"

"குழந்தைக்கு ஏதாவது...?" என்றாள் ஷீபா.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள எவ்வளவு போச்சுன்னு எனக்கும் தெரியாதும்மா."

அந்த 'தெரியாது'தான் என்னைத் தூங்கவிடவில்லை. நம் கிருமி அவனுக்குப் போகக்கூடாது என்று இத்தனை சோப்பு, இத்தனை மாஸ்க். பெட்டிக்குள் இருக்கும் காற்றை ஒருவராவது முகர்ந்து பார்த்தோமா? முகர்ந்த நானும் ஜோக் அடித்தேன்!

நர்ஸை மட்டும் எப்படித் திட்டுவது? டிவி ரிமோட்டுக்கு உறை, சோஃபாவுக்கு உறை... நம் வீடுகளில் எதைத்தான் முழுசாகப் பிரித்திருக்கிறோம்?

அன்று சாயங்காலமே கார் சீட்டின் பாலிதீனைக் கிழித்தெறிந்தேன். "ரெண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்தினேனே!" என்றாள் மனைவி. நான் டிவி ரிமோட்டின் உறையையும் உரிக்கப் போனேன்.

நேற்று ஷீபா போன் செய்தாள். பையனுக்கு எடை ஏறுகிறதாம்.

புதுசு அழுக்காகிவிடக் கூடாது என்று மெத்தையைக் காப்பாற்றினோம்... அதன் மேல் படுத்திருந்தவனும் புதுசுதானே!